நீலகிரியில் பிறந்த குழந்தைக்கு என்.ஐ.சி.யூ. தேவைப்பட்டால்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிறந்த பிள்ளையை என்.ஐ.சி.யூ.வில், அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், நம் மலையில் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு கேள்விகள் சேர்ந்தே வரும். பிள்ளைக்கு என்ன ஆச்சு? இங்கேயே பார்ப்பார்களா, இல்லை கீழே போகணுமா? கீழே என்றால் பெரும்பாலும் கோவை. கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் கேரளாவாகவும் இருக்கலாம். பச்சிளம் குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவள் என்ற முறையில், இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் தவிக்கும் அப்பா அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்.ஐ.சி.யூ.வில் பெற்றோர் வெறும் பார்வையாளர்கள் இல்லை. அங்கே இருக்கும் எந்த இயந்திரத்தாலும் தர முடியாத இரண்டு மருந்துகள் உங்களிடம் இருக்கின்றன: அம்மாவின் பால், உங்கள் உடம்புச் சூடு. கீழே சொல்லப்போகும் பல விஷயங்கள் இந்த இரண்டையும் பிள்ளைக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதைப் பற்றியவைதான்.

1. பிரசவத்துக்கு முன்பே தெரிந்தால்

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். 2.5 கிலோவுக்குக் கீழே எடைக்குறைவு, 1.5 கிலோவுக்குக் கீழே மிகக் குறைந்த எடை. இரட்டைக் குழந்தை, ரத்த அழுத்தம், சர்க்கரை, பனிக்குடம் முன்கூட்டியே உடைவது என்று ஏதாவது இருந்தால், என்.ஐ.சி.யூ. தேவைப்படலாம் என்று டாக்டர்கள் முன்பே சொல்லிவிடுவார்கள்.

அப்படிச் சொன்னால், பிரசவத்தையே அந்த வசதி உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளப் பாருங்கள். தாயின் வயிறுதான் மிகச் சிறந்த ஆம்புலன்ஸ் என்று எங்கள் துறையில் சொல்வதுண்டு. ஒரு கிலோ குழந்தையைப் பெற்று, பிறகு மலைப்பாதையில் இறக்குவதைவிட, அது வயிற்றில் இருக்கும்போதே இறங்கிவிடுவது எவ்வளவோ மேல். 34 வாரத்துக்குள் வலி வந்துவிட்டால் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் முதிர வைக்கும். "ஸ்டீராய்டா, வேண்டாமே" என்று தயங்குபவர்கள் உண்டு. தயங்காதீர்கள். குறைமாதப் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றுவதில் அந்த ஊசிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. போட்டாயிற்றா, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை டாக்டர் முதலில் கேட்பதே அதைத்தான்.

2. எதற்காகச் சேர்க்கிறார்கள்

குறைமாதம் மட்டும் காரணம் இல்லை. நிறைமாதத்தில், மூன்று கிலோவில் பிறந்த பிள்ளையும் உள்ளே போகலாம். மூச்சுத் திணறல், பிறந்ததும் அழாதது, வயிற்றிலேயே மலம் கழித்து அது நுரையீரலுக்குள் போனது, கிருமித் தொற்று, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போவது, கடுமையான மஞ்சள் காமாலை, பிறவிக் குறைபாடு என்று காரணங்கள் பல. சிலருக்கு இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். மிகவும் குறைமாதத்தில் பிறந்தவர்கள், அம்மாவுக்கு முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி நெருங்கும் வரைகூட இருக்க வேண்டி வரலாம். எத்தனை நாள் ஆகும் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது. தவறாமல் கேட்பீர்கள், அது இயல்பு. ஆனால் இந்த வாரம் எதைத் தாண்ட வேண்டும் என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

3. மலை இறங்கும் பயணம்

கீழே அனுப்ப முடிவெடுத்த பிறகும் உடனே வண்டி கிளம்பாது. குழந்தையின் உடல்சூட்டைச் சரிசெய்வது, சர்க்கரை பார்ப்பது, குளுக்கோஸ் லைன் போடுவது, தேவைப்பட்டால் மூச்சுக்குழாய் வைப்பது எல்லாம் முடிந்த பிறகே கிளப்புவார்கள். நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் வளைவுக்கு நடுவில் செய்ய முடியாததை முன்கூட்டியே செய்துவிடுகிறார்கள்.

ஊட்டியிலிருந்து கோவை சுமார் 90 கிலோமீட்டர். கூடலூரிலிருந்து என்றால் ஊட்டி ஏறி வரவே இன்னும் 50. 108 சேவையில் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே இன்குபேட்டர் வைத்த வண்டிகள் இருக்கின்றன. அதைக் கேளுங்கள். அது வராத நிலையில், குழந்தை ஓரளவு நிலையாக இருந்து டாக்டரும் ஒப்புக்கொண்டால், பெரியவர் ஒருவரின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிக் கொண்டுபோவதும் ஏற்கப்பட்ட முறைதான். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் கிளம்புவது மட்டும் கூடாது. டிசம்பர் குளிரில் ஒரு சின்னப் பிள்ளை குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போவதற்குள்ளேயே சில்லிட்டுவிடும். அப்படிச் சில்லிட்டால் சர்க்கரை இறங்கும், மூச்சும் கெடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டியிருக்கும். கோடை சீசனில் நெரிசலும் சேரும். வழியைப் பற்றி டிரைவரோடு வாதம் செய்யாதீர்கள், அவருக்குத் தகவல் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் உறுதிசெய்ய வேண்டியது வேறு ஒன்று. போய்ச் சேரும் இடத்தில் படுக்கை இருக்கிறதா, அங்கே யாரிடம் பேசியிருக்கிறார்கள் என்பதைக் கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.

கூடப் போகிறவர் கையில் இருக்க வேண்டியவை: பரிந்துரைக் கடிதம், தாய் சேய் நலப் புத்தகம், அம்மாவின் ரத்தப் பிரிவு எழுதிய தாள், கொடுத்தால் அம்மாவின் ரத்த மாதிரி, ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை. சீம்பால் கொஞ்சம் பிழிந்திருந்தால் அதையும் நர்ஸிடம் கேட்டு எடுத்துப் போங்கள்.

பிறந்ததும் அழாமல் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த நிறைமாதப் பிள்ளைகளுக்கு ஒரு விசேஷ சிகிச்சை உண்டு. உடம்பை 33 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருப்பார்கள். பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், "பெரியவங்க வரட்டும், பேசிட்டு முடிவு பண்றோம்" என்பதற்கு இங்கே இடமில்லை. தொட்டுப் பார்த்தால் பிள்ளை சில்லென்று இருக்கும். பயப்படாதீர்கள், அது வேண்டுமென்றே செய்வது. இதை டாக்டர்கள் கருவியோடு, கண்காணிப்போடு செய்ய வேண்டும். வழியில் நீங்களாகக் குளிர விட்டுவிடக் கூடாது.

4. அம்மா மேலே, பிள்ளை கீழே

மலைக் குடும்பங்களுக்கு இதுதான் மிகவும் கஷ்டமான கட்டம். சிசேரியன் ஆன அம்மா குன்னூரில் படுத்திருப்பார், அப்பா கோவையில் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். இதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று இல்லை. அம்மாவின் நிலை அனுமதித்தால் அவரையும் அதே மருத்துவமனைக்கு மாற்றிக் கொடுக்கும்படி கேளுங்கள். கேட்காததாலேயே பல அம்மாக்கள் மேலேயே தங்கிவிடுகிறார்கள்.

அதுவரை அம்மா செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பிரசவம் ஆன முதல் சில மணி நேரத்திலேயே, முடிந்தால் ஓரிரு மணிக்குள், கையால் பால் பிழியத் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, ராத்திரியும் விடாமல், ஒரு நாளைக்கு எட்டு முறையாவது. முதல் நாள் சில சொட்டுதான் வரும். "பாலே இல்லை" என்று பக்கத்துக் கட்டில் பாட்டி சொல்வார். அந்தச் சில சொட்டுகளே மஞ்சள் நிறச் சீம்பால். ஒரு கிலோ பிள்ளைக்கு முதல் நாளில் டியூப் வழியாகக் கொடுப்பதே ஒரு மில்லி, இரண்டு மில்லி என்றுதான் ஆரம்பிக்கும். குழந்தை பக்கத்தில் இல்லை என்று பிழியாமல் விட்டால், சேரும்போது பால் வற்றியிருக்கும்.

குறைமாதக் குழந்தையின் குடலில் வரும் ஆபத்தான அழற்சியைத் தாய்ப்பால் வெகுவாகக் குறைக்கிறது. இதற்கு நிகரான பால் பவுடர் கிடையாது. அம்மாவின் பால் போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி உண்டா என்று கேளுங்கள்.

5. உள்ளே முதல் தடவை போகும்போது

மோதிரம், வளையல், கைக்கயிறு, வாட்ச் எல்லாம் கழற்ற வேண்டும். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் உள்ளே போகாதீர்கள். கோயில் கயிறோ தாயத்தோ கட்ட ஆசைப்பட்டால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். குழந்தையின் கையில் கட்ட முடியாது. தொட்டில் பக்கத்தில் கவரில் போட்டு வைக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

உள்ளே வெப்பமாக இருக்கும், சத்தமும் இருக்கும். திறந்த படுக்கைக்கு மேலே விளக்கு மாதிரி சூடு தருவது வார்மர். மூடிய கண்ணாடிப் பெட்டி இன்குபேட்டர். மூக்கில் சின்னக் குழாய் வைத்துக் காற்றை அழுத்தித் தருவது சி-பாப். குழந்தை தானே மூச்சு விடும், நுரையீரல் சுருங்கிவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் வென்டிலேட்டர். நுரையீரலில் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்புப் பொருள் குறைவாக இருந்தால் அதையே மருந்தாக மூச்சுக்குழாய்க்குள் விடுவார்கள். தொப்புளில் குழாய், ஆக்சிஜன் அளவைப் பார்க்கக் காலில் சிவப்பு வெளிச்சம் எரியும் பட்டை, மஞ்சளுக்கு நீல விளக்கு, கண்ணுக்குக் கட்டு. முதல் பார்வையில் பிள்ளையைவிட வயர்தான் அதிகம் தெரியும்.

திரையில் ஓடும் எண்களில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 120 முதல் 160 வரை. மூச்சு 40 முதல் 60 வரை. ஆக்சிஜன் அளவு, செயற்கை ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதப் பிள்ளைக்கு, 90 முதல் 95 வரை. ஏன் 100 இல்லை என்று கேட்பார்கள். தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் அந்தப் பிள்ளைகளின் கண் விழித்திரை கெடும், அதனால்தான். அலாரம் அடித்தால் திரையைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். பட்டை நழுவியதால் அடிப்பதே நிறைய. உண்மையாகவே மூச்சு நின்றால், குறைமாதத்தில் அது வரக்கூடியதுதான், நர்ஸ் முதலில் பாதத்தைச் சுண்டியோ முதுகைத் தேய்த்தோ எழுப்புவார். காஃபின் மருந்து கொடுப்பதும் இதற்காகத்தான்.

தொடலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் தொடலாம். ஆனால் தடவக் கூடாது. அந்தத் தோல் அவ்வளவு மெல்லியது, வருடல் அதற்கு எரிச்சல். கையைக் கதகதப்பாக்கிக்கொண்டு ஓர் உள்ளங்கையைத் தலையைச் சுற்றிக் குவித்து வையுங்கள். மற்றக் கையால் மடங்கிய கால்களைப் பாதத்தோடு அணைத்துப் பிடியுங்கள். அசைக்காமல் அப்படியே வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் விறைத்துக்கொண்டிருந்த விரல்கள் தளரும், எகிறிக்கொண்டிருந்த துடிப்பு இறங்கும். பேசுங்கள், தாலாட்டுங்கள், மெதுவாக. உங்கள் குரல் அதற்குப் பழக்கமானது.

6. டாக்டரிடம் பேசுவது

ஒரு நாளைக்கு ஒரு முறையாவது டாக்டர் உங்களிடம் நிலவரம் சொல்ல வேண்டும். எந்த நேரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எடை, பால் அளவு, மூச்சுக்கு என்ன உதவி, என்ன மருந்து என்று நான்கைந்து வரி தினமும் எழுதினால் போதும். புரியாத சொல் வந்தால் "டாக்டர், தமிழ்ல இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வீட்டில் ஒரே ஒருவரை வைத்துவிடுங்கள். ஆளாளுக்குப் போன் செய்தால் அம்மா தூங்கவே முடியாது.

முதல் வாரத்தில் எடை குறையும். நிறைமாதப் பிள்ளைக்குப் பத்து சதவீதம் வரை, குறைமாதத்துக்கு இன்னும் கொஞ்சம். பிறந்த எடை திரும்பி வர 10 முதல் 14 நாள் ஆகலாம்.

ஏற்ற இறக்கம் நிச்சயம் இருக்கும். நேற்று பத்து மில்லி பால் குடித்தது, இன்று வயிறு உப்பியது, பாலை நிறுத்திவிட்டார்கள். சி-பாப்பிலிருந்து எடுத்தார்கள், மறுநாள் திரும்ப வைத்தார்கள். இதெல்லாம் தோல்வி இல்லை. ஒரு நாளின் செய்தியை வைத்து முடிவு கட்டாமல், வாரத்துக்கு வாரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

எல்லாக் குழந்தைகளும் வீடு திரும்புவதில்லை, அதையும் சொல்லாமல் விட முடியாது. நிலைமை மிக மோசம் என்று டாக்டர் சொன்னால், குழந்தையைக் கையில் ஏந்த, அதன் கூடவே இருக்கக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. "அம்மா பார்க்க வேண்டாம், தாங்க மாட்டாள்" என்று குடும்பத்தார் முடிவு செய்யக் கூடாது. பார்க்க வேண்டுமா என்பதை அவரே சொல்லட்டும்.

7. பணமும் காகிதமும்

அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இப்போது ஒரு வயது வரை பொருந்தும். தனியார் என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அங்கே உண்டா, உங்கள் குழந்தையின் பிரச்சினைக்குப் பொருந்துமா என்று சேர்க்கும் அன்றே காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். கேரளாவுக்குப் போகிறவர்கள் இதைக் கிளம்பும் முன்பே கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு உத்தேசமாக என்ன ஆகும் என்று எழுதி வாங்குங்கள். பணம் தீர்ந்த பிறகு பாதிச் சிகிச்சையில் மாற்றுவது பிள்ளைக்கு ஆபத்து. மாற்றத்தான் வேண்டும் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். பிறப்புப் பதிவை 21 நாளுக்குள் முடித்துவிடுங்கள். பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

8. கங்காரு பராமரிப்பு

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது, பிள்ளையை வெறும் மார்போடு சேர்த்து வைத்துக்கொள்ளும் இந்த முறை. இன்று எடை குறைந்த எல்லாப் பிள்ளைக்கும், பிறந்ததிலிருந்தே, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்திருக்கிறது. வசதி இல்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முன்பக்கம் திறக்கும் சட்டை போட்டு, சாய்ந்து உட்காருங்கள். பிள்ளைக்கு டயாப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும். மார்புக்கு நடுவில் நிமிர்த்தி, தவளை மாதிரி கைகால் மடங்கியபடி, வெறும் தோலோடு தோலாக வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் நெஞ்சில் மடங்காமல், மூக்கு தெரிய வேண்டும். மேலே துணியால் கட்டுங்கள். ஒரு முறை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காதீர்கள். அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். அப்பாக்கள் கூச்சப்படுகிறார்கள், ஆனால் அந்த மார்பின் சூடும் அதே சூடுதான்.

உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒன்றாகப் பழகுவது கர்ப்பக் கணக்கில் 34 வாரம் ஆகும்போதுதான். அதுவரை டியூப், அப்புறம் பாலாடை (சங்கு), அப்புறம் மார்பு. புட்டிப்பால் பழக்கப்படுத்த வேண்டாம். பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்து, பிள்ளை நக்கி விழுங்கும் வேகத்துக்குச் சாய்ப்பதை நர்ஸ் முன்னால் நீங்களே செய்து பழகுங்கள். வீட்டுக்குப் போனதும் இதுதான் கைகொடுக்கும்.

9. மலை ஏறும் முன்

தானாகச் சூட்டைக் காத்துக்கொள்கிறது, நன்றாகக் குடிக்கிறது, தொடர்ந்து எடை ஏறுகிறது, சில நாட்களாக மூச்சு நிற்கவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்போது நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது: "நாங்க ஊட்டிப் பக்கம், ரொம்ப உயரத்துல இருக்கோம்." சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு, ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. நல்ல பிள்ளைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நீண்ட நாள் ஆக்சிஜனில் இருந்து இப்போதுதான் விடுபட்ட பிள்ளைக்கு மேலே வந்ததும் அளவு இறங்கலாம். இன்னும் சில நாள் கீழே தங்கலாமா, வீட்டில் ஆக்சிஜன் வேண்டுமா என்று டாக்டர் யோசிக்க இந்த ஒரு வாக்கியம் போதும்.

கண் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் கீழ் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரை பார்க்க வேண்டும், மிகச் சிறிய பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே. நோய் இருந்தாலும் வெளியே எதுவும் தெரியாது, பிள்ளை நன்றாகச் சிரிக்கும், கையைக் காலை ஆட்டும். அதனாலேயே "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இந்தக் குளிர்ல கீழ போகணும்" என்று விட்டுவிடுகிறார்கள். சரியான நேரத்தில் லேசரோ ஊசியோ கொடுத்தால் பார்வையைக் காக்கலாம், சில வாரம் தாமதித்தால் அந்த வாய்ப்புப் போய்விடும். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும், போதும் என்று கண் டாக்டர் சொல்லும் வரை திரும்பத் திரும்பப் போக வேண்டும். காது கேட்கும் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள்.

10. வீட்டில்

தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில் போகும். வளர்ச்சியைத் திருத்திய வயதில், அதாவது முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்போது வளர்ச்சிக் கணக்கில் நான்கு மாதம்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை கவிழ்ந்துவிட்டதே என்று ஒப்பிட வேண்டாம். இரும்புச்சத்து, வைட்டமின் டி சொட்டு மருந்துகளை எழுதித் தந்தபடி கொடுங்கள்.

சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், நாக்கில் வசம்பு, மூக்கில் எண்ணெய் விடுவது, கண்ணுக்குள் மை, சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம். குளியலும் டாக்டர் சொல்லும் எடை வரும் வரை காத்திருக்கட்டும், வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போதும். பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். முடிந்தால் டிஸ்சார்ஜ் அன்று பாட்டியையும் அழைத்துப் போய் நர்ஸ் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.

குளிருக்கு மூடிய அறையில் கரி நெருப்பு மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத சம்பவங்கள் நடந்திருக்கின்றன. லைன் வீட்டின் ஒற்றை அறைக்கும் பொருந்தும் வழி, மார்போடு சேர்த்துக் கட்டுவதுதான். பகலில் மாற்றி மாற்றி எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாய்ந்தபடி விழித்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம், தூக்கம் வந்தால் மற்றவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சூடு சரியாக இருக்கிறதா என்று புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பு என்றால் சரி. வயிறு கதகதப்பு, பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது, உடனே மார்போடு அணையுங்கள். இரண்டுமே சில்லென்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, முனகல், உதடு நீலம், வலிப்பு, பச்சையாக வாந்தி, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், காய்ச்சல் என்று ஏதாவது ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள்.

108-ஐ அழைத்ததும் எஸ்டேட் பெயர், டிவிஷன், பக்கத்து பஸ் நிறுத்தம் மூன்றையும் சொல்லுங்கள். வீடு வரை வண்டி வராது என்றால் எந்த இடத்தில் டார்ச்சோடு ஆள் நிற்பார் என்பதையும் சொல்லிவிடுங்கள். சிக்னல் வரும் இடம் வீட்டை விட்டுத் தள்ளி இருந்தால், யார் ஓடிப்போய்ப் பேசுவது என்று முன்பே பேசி வையுங்கள். வண்டி வரும் வரை பிள்ளை மார்போடு தொப்பியுடன் இருக்கட்டும், கையில் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொள்ளுங்கள்.